கண்ணுக்குக் கீழே ஊசி போடுவதற்கு முன்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்தப் பட்டு எடுத்து முடித்ததும் கல்யாண வீட்டுக்கு அடுத்த வேலை மேக்கப் பேசுவது. பார்லரில் நீட்டும் ‘பிரைடல் பேக்கேஜ்’ அட்டையில் ஃபேஷியல், த்ரெடிங், மெஹந்தி, ஹேர் ஸ்பா என்று வரிசையாக இருக்கும். இப்போதெல்லாம் சில அட்டைகளின் அடியில் ‘அண்டர் ஐ ஃபில்லர்’ என்று ஒரு வரியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

“கண்ணுக்குக் கீழ ரொம்பக் கறுப்பா இருக்கும்மா, ஃபோட்டோல அப்படியே தெரியும். ஒரு ஊசி போட்டா சரியாயிடும்.”

“வலிக்குமாக்கா?”

“மரத்துப்போற கிரீம் தடவித்தான் போடுவாங்க. பத்து நிமிஷ வேலை.”

பத்து நிமிஷம் என்பது பொய் இல்லை. ஆனால் ஊசி நுழையும் இடத்தில் ஓடும் ரத்தக் குழாய்களுக்கும் விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்க்கும் உள்ளே தொடர்பு இருக்கிறது. ஃபேஷியலோடு ஒரே அட்டையில் வரக்கூடிய சரக்கு இல்லை இது. ஃபில்லரே கூடாது என்பது இந்த அத்தியாயத்தின் கட்சி அல்ல. கைதேர்ந்த மருத்துவரிடம் போட்டுக்கொண்டு நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். போட்டதைக் கரைக்கும் மருந்து கையில் இல்லாத இடத்தில், பார்வை மங்கினால் அடுத்த நிமிஷம் என்ன செய்வது என்று தெரியாதவர் கையால், கண்ணருகே ஊசி ஏறக் கூடாது. கட்சி அவ்வளவுதான்.

கறுப்பா, பள்ளமா?

ஃபில்லர் தீர்க்கக்கூடிய கோளாறுதான் உங்களுக்கு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கருவளையம் என்று ஒரே பேரில் நாம் சொல்வது நாலைந்து வேறுவேறு சங்கதிகள். தோலிலேயே நிறமி கூடியிருப்பது ஒன்று. நம் ஊர்த் தோலில் இதுதான் அதிகம், அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் இருக்கும். தோல் மெலிந்து அடியில் ஓடும் ரத்த நாளங்கள் நீலமாகத் தெரிவது இன்னொன்று. ஒவ்வாமையில் கண்ணைக் கசக்கிக் கசக்கிக் கறுத்துப் போனவர்கள் உண்டு. ரத்தசோகையில் முகமே வெளிறி, கண்ணடி மட்டும் இருண்டு தெரிபவர்கள் உண்டு. கடைசியாக, கண்ணின் உள்மூலையிலிருந்து கன்னத்தை நோக்கி இறங்கும் பள்ளம். அதில் விழும் நிழல்தான் கறுப்பாகத் தெரிகிறது. தறிக்குழியில் காலை இறக்கி, கோர்வைச் சேலைக்கு நாளெல்லாம் குனிந்திருக்கும் வீடுகளில் “கண்ணு உள்ள போயிடுச்சு” என்பார்களே, அது இந்தப் பள்ளம்.

ஃபில்லர் பள்ளத்தை மட்டும்தான் நிரப்பும். நிறமியை அது தொடாது. இதை வீட்டிலேயே ஓரளவு சோதித்துவிடலாம். கண்ணாடி முன் நின்று செல்போன் டார்ச்சை மோவாய்க்குக் கீழே பிடித்து, கண்ணில் நேராக அடிக்காமல் மேல்நோக்கிக் காட்டுங்கள். கறுப்பு பெருமளவு மறைந்தால் அது நிழல், அதாவது பள்ளம். அப்படியே நின்றால் பெரும்பாலும் நிறமி. விரலால் தோலை மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். நிறமி இழுத்த தோலோடு சேர்ந்து நகரும். நிறமிக்காரர்கள் ஃபில்லர் போட்டால் காசும் போகும், கறுப்பும் இருக்கும், போதாக்குறைக்கு ஒரு மேடும் தெரியும். காலையில் எழுந்ததும் கண்ணடி உப்பியிருந்து மத்தியானத்துக்குள் வடிகிறது என்றால் ஃபில்லர் பக்கமே போக வேண்டாம். அந்த இடத்தில் நீர் வடிவது ஏற்கெனவே மந்தம். நீரை இழுக்கும் ஃபில்லர் ஜெல்லையும் அங்கே வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே தேவையில்லை. கொழுப்புப் பை தொங்குபவர்களுக்கும் இதே பதில்தான்.

உள்ளே போவது என்ன?

பெரும்பாலும் போடுவது ஹயலுரானிக் ஆசிட் ஜெல். நம் தோலிலும் கண்ணுக்குள்ளும் இயற்கையாகவே இருக்கும் பொருள். நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதன் பெரிய நல்ல குணம், ஹயலுரானிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டால் கரைந்துவிடும். கால்சியம் துகள் உள்ளவை, பாலிலாக்டிக் ஆசிட், பி.எம்.எம்.ஏ., திரவ சிலிக்கோன் ஆகியவற்றுக்கு இப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. சொந்த உடம்பிலிருந்து எடுத்த கொழுப்புக்கும் இல்லை. கண்ணைச் சுற்றிக் கரையாத எதையும் போட்டுக்கொள்ளாதீர்கள். “ரெண்டு வருஷம் நிக்கும், லாங் லாஸ்டிங்” என்று கூடுதல் விலைக்குச் சொல்கிறார்களா, அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

“உங்க ரத்தம்தானே, பயமே இல்லை” என்று, சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசியை விற்பவர்களும் இருக்கிறார்கள். நெற்றியிலும் கண்ணோரத்திலும் பி.ஆர்.பி. போட்டுப் பார்வை போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் குறிப்புகள் வந்திருக்கின்றன. குழாய்க்குள் போனால் சொந்த ரத்தம், அந்நிய ஜெல் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைப் பாய்ச்சும் ‘ஹயலுரான் பென்’ ஆன்லைனில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 அக்டோபரில் வெளிப்படையாக எச்சரித்தது.

அமெரிக்காவில் கண்ணடிப் பள்ளத்துக்கென்றே ஒரு ஃபில்லருக்கு அனுமதி கிடைத்தது 2022-ல்தான். அதுவரை அங்கே மருத்துவர்கள் கன்னத்துக்கும் உதட்டுக்கும் அனுமதி பெற்றதை எடுத்துத் தங்கள் பொறுப்பில் கண்ணடியில் போட்டுவந்தார்கள். இருபது வருஷமாக எல்லாரும் போடுகிறார்கள் என்று கவுண்டரில் யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்

காஞ்சிபுரத்துக்காரருக்கு ஜரிகை பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. இழையை உரசிப் பார்ப்போம், சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று புரட்டுவோம், சந்தேகம் இருந்தால் வெள்ளி எவ்வளவு என்று இயந்திரத்தில் வைத்தே பார்த்துவிடுவோம். கிட்டத்தட்ட அதே காசு ஆகும் ஊசிக்கு அந்தக் கண்டிப்பில் பாதியாவது வேண்டாமா?

ஃபில்லர் சீலிட்ட பெட்டியில், கிருமி நீக்கிய உறைக்குள், மருந்து நிரப்பிய ஒற்றை சிரிஞ்சாக வரும். அதை உங்கள் கண்ணெதிரில் பிரிக்க வேண்டும். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், லாட் எண், காலாவதித் தேதி, இந்திய இறக்குமதியாளர் பெயர், உரிம எண் எல்லாம் அச்சாகியிருக்கும். உள்ளே லாட் எண்ணோடு கிழித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று உங்கள் சீட்டுக்கு, ஒன்று க்ளினிக் பதிவேட்டுக்கு. அதைக் கேட்டு வாங்குங்கள். நாளைக்குக் கண்ணில் ஏதாவது ஆனால், அந்தச் சின்னத் துண்டுதான் உள்ளே இருப்பது கரையும் பொருளா கரையாத பொருளா என்று அடுத்த மருத்துவருக்குச் சொல்லும்.

பிரித்து வைத்த சிரிஞ்சு, ‘போன கஸ்டமருக்குப் பாதிதான் ஆச்சு, உங்களுக்கு டிஸ்கவுண்ட்’ என்று வரும் மீதி, லேபிள் இல்லாத குப்பி, வேறு குப்பியிலிருந்து உறிஞ்சி எடுப்பது, இதில் எதைப் பார்த்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் போனால் போகட்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு ஸ்பாவில் முகத்தில் ரத்தக்கூறு ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024-ல் விவரமாக வெளியிட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? 2023-ல் நம் பக்கத்து வாணியம்பாடியில் ஒரு பல் க்ளினிக்குக்குப் போன எட்டுப் பேர் மூளையைத் தாக்கிய பாக்டீரியா தொற்றில் இறந்தார்கள். ஆராய்ந்த மருத்துவர்கள் சுட்டியது சலைன் பாட்டிலைச் சுத்தமில்லாத கருவியால் திறந்து, பலருக்கும் அதையே பயன்படுத்தியதை. சின்ன ஊர், சின்ன க்ளினிக், சின்ன அலட்சியம்.

ஊசி போடுகிறவர் யார் என்பதும் பெட்டி அளவுக்கு முக்கியம். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்று பலகையில் இருப்பது ஒரு தகுதியையும் சொல்வதில்லை. சில வாரப் பயிற்சிச் சான்றிதழோடும் அந்தப் பேரை வைத்துக்கொள்கிறார்கள். தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர், பிளாஸ்டிக் சர்ஜன், கண் இமை அறுவையில் பயிற்சி பெற்ற கண் மருத்துவர், இவர்களில் ஒருவர் தன் கையாலேயே போட வேண்டும். மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்டுத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் தேடுங்கள். க்ளினிக்கும் 1997-ம் வருஷத்துத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். கல்யாண மண்டபத்து அறைக்கோ வீட்டுக்கோ வந்து போடுகிறேன் என்பவர் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் வேண்டாம்.

எல்லாம் கேட்டபின் ஒரு கேள்வி பாக்கி: “ஹயலுரானிடேஸ் இங்க ஃப்ரிட்ஜ்ல இருக்குங்களா? எத்தனை குப்பி?” நம் நாட்டில் அது சாதாரணமாக 1500 யூனிட் குப்பியாகக் கிடைக்கிறது. கண்புரை அறுவைக்குக் கண்ணை மரத்துப்போகச் செய்யும் ஊசியோடு காலங்காலமாகக் கலக்கும் மருந்து அது. அபூர்வச் சரக்கும் அல்ல, விலை அதிகமும் அல்ல. “தேவைப்பட்டா வாங்கிக்கலாம்” என்று பதில் வந்தால் உங்களுக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது.

சின்னத் தொல்லைகளும் மெல்ல வருபவையும்

முதல் வாரத்து வீக்கமும் நீலம் பாரித்த கன்றலும் எதிர்பார்க்க வேண்டியவை. ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். தோலுக்கு மிக அருகில் ஜெல் இறங்கிவிட்டால் கண்ணடி சாம்பல் நீலமாகத் தெரியும். தெளிவான ஜெல்லில் ஒளி சிதறுவதால் வருவது அது. பலர் இதைக் கருவளையம் கூடிவிட்டது என்று நினைத்து இன்னொரு சிரிஞ்சு போட்டுக்கொள்கிறார்கள். தேவை இன்னொரு சிரிஞ்சு இல்லை, கரைப்பது.

‘ஆறேழு மாசத்துல தானா கரைஞ்சிடும்’ என்பதை முழுதாக நம்ப வேண்டாம். உதட்டைப் போல அதிகம் அசையாத இடம் கண்ணடி. போட்டுப் பல வருஷம் ஆன பிறகும் எம்.ஆர்.ஐ. படத்தில் ஜெல் அங்கேயே உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஃபில்லரை மறந்தே போன நாளில் கண்ணடி திடீரென்று வீங்குகிறது: ஒரு காய்ச்சல், சைனஸ், பல் சீழ், சில சமயம் தடுப்பூசி என்று ஏதோ ஒன்று தூண்டிவிடும். 2020 டிசம்பரில் மாடர்னா கோவிட் தடுப்பூசி ஆய்வில் ஃபில்லர் போட்டிருந்த சிலருக்கு முகம் வீங்கியது பதிவானது. சிகிச்சையில் அது வடிந்துவிட்டது. அப்படி வீங்கினால் கண் மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ முதல் வாக்கியத்திலேயே ஃபில்லர் போட்டதைச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு மறைத்து, சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் டெஸ்ட் எடுத்து அலைய வேண்டியதில்லை. சிவந்து, சூடாகி, தொட்டால் வலிக்கும் கட்டி வந்தால் அது தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

குழாய் அடைத்தால்

மருத்துவர்கள் உண்மையில் அஞ்சுவது இதற்குத்தான். ஊசி முனை ஒரு தமனிக்குள் நுழைந்து ஜெல் அதில் பாய்ந்தால், அந்தத் தமனி ஊட்டும் தோல் பட்டினி கிடக்கும். போட்ட இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும், கன்றலுக்கு மீறிய வலி இருக்கும். சில மணி நேரத்தில் ஊதாவும் சிவப்புமாக வலைபோல் திட்டுகள் பரவும். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் உடனே திரும்பாமல் தாமதிக்கும். இரண்டு மூன்று நாளில் சின்னச் சின்னக் கொப்புளம், பிறகு கறுத்த பொருக்கு, பிறகு தழும்பு. வெளுப்பைப் பார்த்த அன்றே ஹயலுரானிடேஸைத் தாராளமாகப் போட்டு ரத்த ஓட்டத்தை மீட்டால் தோல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வீட்டில் ஐஸ் வைக்காதீர்கள்; சுருங்கிய குழாய் இன்னும் சுருங்கும். ‘வீக்கம்தான், காலையில போயிடும்’ என்று போனில் சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள். வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு நேரில் போங்கள்.

ஜெல் பின்னோக்கிப் போனால் கதை வேறு. மூக்கோரம், புருவ நடு, நெற்றி இங்கெல்லாம் ஓடும் தமனிகள் கண்ணுக்குள் போகும் தமனியின் கிளைகள். பிஸ்டனை வேகமாக அழுத்தினால் அந்த அழுத்தம் ரத்த அழுத்தத்தை மீறி ஜெல்லை எதிர்த்திசையில் தள்ளும். கை எடுத்ததும் ரத்தம் அதை முன்னால் அடித்துக்கொண்டு போய் விழித்திரைத் தமனியில் செருகிவிடும். 2015-ல் கனடாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் கேட்டி பெலஸ்னே குழுவினர் உலக மருத்துவ இலக்கியத்தில் அதுவரை பதிவான 98 பேரின் பார்வை இழப்பைத் தொகுத்தார்கள். அதில் ஏறக்குறைய பாதி கொழுப்பு ஊசியால் வந்தது. 2019-ல் அவர்களே இன்னும் 48 பேரைச் சேர்த்தார்கள். இந்த முறை ஐந்தில் நாலு பங்கு ஹயலுரானிக் ஆசிட். எஃப்.டி.ஏ. இந்த ஆபத்தைப் பற்றித் தனி எச்சரிக்கை வெளியிட்டதும் 2015 மே மாதத்தில்தான். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உலகம் முழுக்க நடக்கும் ஊசிகளின் எண்ணிக்கைக்கு முன் இது மிக அபூர்வம், அதிலும் கண்ணடிப் பள்ளத்தில் போட்டதால் வந்தவை குறைவு. மூக்கும் புருவ நடுவும்தான் முன்னால் நிற்கின்றன. ஆனால் ‘ஃபுல் ஃபேஸ் பேக்கேஜ்’ என்று உட்கார்பவருக்கு எல்லாம் ஒரே நாளில்தானே போடுகிறார்கள்!

கூர் ஊசிக்குப் பதிலாக மொட்டை முனைக் குழலான கேனுலா ஆபத்தைக் குறைக்கும், போக்காது. ஊசியைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பதும் உறுதியான சோதனை அல்ல. மெதுவாக, சொட்டுச் சொட்டாகப் போடுபவரே நம்பத் தகுந்தவர்.

கண் தெரியவில்லை என்றால்

ஊசி போடும்போதோ சற்று நேரத்திலோ ஒரு கண் இருண்டால், பாதித் திரை விழுந்தாற்போல் ஆனால், கண்ணுக்குள் குத்துவலி, இமை தொங்கல், இரண்டிரண்டாகத் தெரிதல், தலைவலியோடு வாந்தி வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “நிறுத்துங்க, கண்ணு தெரியல.” மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்ளும் நேரம் இல்லை அது. ரத்தம் இல்லாமல் விழித்திரை தாக்குப்பிடிப்பது ஒன்றரை மணி நேரத்துக்குள் என்று வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். அதைவிடவும் குறைவு என்பது இப்போதைய கருத்து.

மருத்துவர் அங்கேயே செய்ய வேண்டியது ஊசியை நிறுத்துவது, ஹயலுரானிடேஸ் போடுவது, கண்ணின் அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டும் மாத்திரையும் கொடுப்பது, மூடிய இமை மேல் விட்டுவிட்டு அழுத்துவது, அப்படியே கண் மருத்துவமனைக்குப் போன் செய்து அனுப்பிவைப்பது. இதெல்லாம் செய்தும் பார்வை திரும்பாதவர்களே அதிகம். செய்யாமல் காத்திருந்தால் அந்தக் கொஞ்ச வாய்ப்பும் போகும்.

காஞ்சிபுரத்திலிருந்து எழும்பூர் அரசு கண் மருத்துவமனை சுமார் 70 கிலோமீட்டர். 1819-ல் தொடங்கிய இடம், விழித்திரை நிபுணர்கள் இருக்கும் இடம். ஆனால் ஸ்ரீபெரும்புதூரும் பூந்தமல்லியும் தாண்டி இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகலாம். வைகாசி கருட சேவைத் திருவிழாக் கூட்டம் சேரும் நாளென்றால் ஊரை விட்டு வெளியேறவே ஒரு மணி நேரம். ஆகவே சென்னைக்கு வண்டி ஏறுவதற்கு முன், உள்ளூரில் கண் அறுவை நடக்கும் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். மேலே சொன்ன ஹயலுரானிடேஸ் குப்பி இருக்கக்கூடிய இடம் அது. அங்கே முதலுதவி முடிந்ததும் சென்னைக்குப் புறப்படலாம். பேச்சு குழறினால், வாய் ஒருபக்கம் கோணினால், கையோ காலோ இழுத்துக்கொண்டால் ஜெல் மூளைக்குப் போயிருக்கலாம். 108-ஐ அழைத்துப் பக்கவாத சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலி சிரிஞ்சும் பெட்டியும் கூடவே போகட்டும்.

நாள் கணக்கு

முகூர்த்தத்துக்கு ஆறு வாரத்துக்குள் கண்ணடியில் ஃபில்லர் வேண்டாம். வீக்கம் வடிய இரண்டு வாரம், சரியில்லை என்றால் கரைக்க, கரைத்த பிறகு தோல் அடங்க இரண்டு வாரம் என்று அந்த நேரம் போய்விடும். பத்து நாளில் கல்யாணம் வைத்துக்கொண்டு வருபவருக்கு என் பதில் கன்சீலர்தான். நல்ல மேக்கப்காரர் அதில் பள்ளத்தையே மறைத்துவிடுவார். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போட வேண்டும். முகத்தில் பரு சீழ் பிடித்திருந்தாலும் பல் சிகிச்சை நடந்துகொண்டிருந்தாலும் அது ஆறட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை இதற்காகத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. மாத்திரை எழுதிய மருத்துவரைக் கேளுங்கள். தேனீ கொட்டி உடம்பெல்லாம் தடித்த அனுபவம் உண்டென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கரைக்கும் மருந்தும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

சிக்கல் வந்த பிறகு காகிதங்கள்

முதலில் உடம்பு, பிறகுதான் சண்டை. ஆனால் தினமும் ஒரே வெளிச்சத்தில் முகத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். பில், ஒப்புதல் படிவத்தின் நகல், ஸ்டிக்கர், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்க வேண்டாம். சிகிச்சைக் குறிப்புகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002-ம் வருஷத்து மருத்துவ நெறிமுறை விதி. போட்டவர் மருத்துவரென்றால் புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. மருத்துவரே அல்லாதவர் போட்டிருந்தால் காவல் நிலையத்துக்கும் மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும். காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்துவிட்டதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இழப்பீடு கேட்கலாம். கெடு இரண்டு வருஷம். நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் போடலாம். ஆனால் வேறொரு தோல் அல்லது கண் மருத்துவர் எழுத்தில் தரும் கருத்து இல்லாமல் இந்த வழக்குகள் நிற்பது கடினம். அடுத்தபடியாகச் சிகிச்சைக்குப் போகும் மருத்துவரிடம் முதல் நாளிலேயே அந்தக் கருத்தை எழுதி வாங்கிவிடுங்கள்.